மூன்றெழுத்து, நடுவில் புள்ளி

“யம்மா, குதிரை வண்டி. மூணு எழுத்து. நடுவுல புள்ளி.”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகன் கேட்டான். மீஞ்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இடது கையைக் கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, செய்தித்தாளோடு வந்த இணைப்பைத் தொடைமேல் விரித்து உட்கார்ந்திருந்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் வேலை முடிந்து வரும்போது, ஏதோ ஒரு லாரி சிந்திவிட்டுப் போன மணலில் பைக் சறுக்கி விழுந்துவிட்டான். தோள் எலும்பில் விரிசல். “விரிசல்தாம்மா, முறிவு இல்ல” என்றார் டாக்டர். அவருக்கு அவை இரண்டு சொற்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இன்றைக்கும் தெருவில் யாராவது பிரேக்கை அழுத்திப் பிடித்தால் என் கையிலிருக்கும் கரண்டி கீழே விழுகிறது.

“ஜட்கா” என்றேன், அரிசி களைந்தபடியே.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “இன்னாம்மா, கெட்ட வார்த்தை மாதிரி இருக்குது. எங்க கம்பெனில பீகார் பசங்க கரண்ட்டு ஷாக் அடிச்சா ஜட்கா, ஜட்கான்னுவானுங்க. அதுவா?”

“ரெண்டும் ஒண்ணுதான். ஏறி ஒக்காந்து பாத்தவங்களுக்குத் தெரியும்.”

எழுதிக்கொண்டான். அதே குரலில், தலையைத் தூக்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டான். “பைக்கைக் கிளப்ப உதவும். ரெண்டு எழுத்து. எங்க வெச்சிகிற?”

சாவி துவரம்பருப்பு டப்பாவுக்குள் இருந்தது. நான் சொல்லவில்லை. முன்பெல்லாம் அது எனக்குச் சாதாரணச் சொல்தான். இப்போது அதன் முதல் எழுத்து மட்டும் தனியாகப் பிரிந்து ‘சா’ என்கிறது. சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் இந்தப் புத்தி என் அம்மாவிடமிருந்து வந்தது. அதோடு எதற்கெடுத்தாலும் பயப்படுகிற புத்தி அப்பாவிடமிருந்து வந்தது. இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டுப் பிரித்த மறுநாளே பைக்கை எடுப்பேன் என்றான். ரயிலில் போ என்றேன். அவன் ஷிப்டு நேரத்துக்கு ரயில் ஒத்துவராது. ஒப்பந்த வேலை வேறு. தாமதமாக வருகிறவனுடைய இடத்தில் வேறு ஆள் வந்து நின்றுவிடுவான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பருப்பு டப்பாவின் மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கித்தான் வைத்தேன்.

ஜட்கா என்று சொன்னேனே, வாய் சொன்ன அடுத்த நொடியே மூக்கு நான் வளர்ந்த திருவள்ளூருக்குப் போய்விட்டது. ஈரப் புல், பழைய கோணிச் சாக்கு, குதிரையின் வியர்வை, வண்டிக்காரர் மஸ்தான் பாய் பிடிக்கும் பீடி, எல்லாம் கலந்த ஒரு வாசனை. எங்கள் வீடு ஊருக்குள், கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. ரயில் நிலையமோ நல்ல தொலைவு. நடுவில் உள்ள தூரத்தை மஸ்தான் பாயின் குதிரைதான் கடக்க வேண்டும். குதிரைக்கு அவர் வைத்த பெயர் மெயில். ஓடுவது மட்டும் பாசஞ்சர் மாதிரி. யாராவது குறுக்கே வந்தால், சாட்டைக் கட்டையைச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே கொடுப்பார். கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பும். அதுதான் ஹாரன். ஒவ்வொரு வண்டிக்காரரின் கட்டைக்கும் ஒரு சத்தம் உண்டு. தெருமுனையில் அது கேட்டதும், வருவது பாயா வேறு ஆளா என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடலாம்.

உள்ளே புல்லைப் பரப்பி, மேலே சாக்கைப் போட்டு, அதற்குமேல் ஒரு சமுக்காளம் விரித்திருக்கும். பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். இரண்டே சக்கரம் என்பதால் எல்லாமே கனத்தைப் பொறுத்தது. முன்னால் கனம் கூடினால் குதிரையின் முதுகு அழுந்தும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். அதனால் பாய்க்கு வாய் ஓயாது. “யம்மா, கொஞ்சம் முன்னால தள்ளி ஒக்காரு. நைனா, நீ பின்னால நவுரு. பாப்பா, நீ இர்ந்தா இன்னா, இல்லாகாட்டி இன்னா, அப்டியே குந்து.” அந்தப் பாப்பா நான்தான். அப்போது என் எடை அவ்வளவு.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். ஆந்திரா பக்கத்தில் இருப்பதால் வந்த பழக்கம். பாய் எல்லா ஆண்களையும் நைனா என்பார். என் நைனாவை மட்டும் கணக்கப்பிள்ளை என்பார், அரிசி ஆலையில் கணக்கு எழுதியதால்.

அம்மாவின் பெயர் கனகம். எட்டாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டிதான் அவளுக்கு உயிர். சாணி போடவும் அடுப்பு மூட்டவும் கழிகிற நேரத்தில் அவள் மனம் கட்டங்களில்தான் இருக்கும். ஒரு தடவைகூடப் பரிசு வந்ததில்லை. அதற்கும் விளக்கம் வைத்திருந்தாள். “பரிசுல பரி இருக்குது பாரு. பரின்னா குதிரை. அதான் கைல சிக்காம ஓடுது.”

பத்திரிகைக்காரர்களின் குறிப்புகள் போதாமல் தானே குறிப்புகள் எழுதத் தொடங்கினாள். ஒருநாள் வாசலில் வண்டி வந்து நின்றதும் பாயைக் கேட்டாள். “பாய், இதுக்குப் பதில் சொல்லுங்க. விரிக்கலாம், கூப்பிடலாம், குதிரைக்கு உத்தரவும் போடலாம். ரெண்டு எழுத்து.”

பாய் பீடியை எடுத்துவிட்டு யோசித்தார். யோசிக்கிற மாதிரி நடித்தாரோ என்னவோ. “நம்ம பேருதானே? பாய்.” பிறகு மெயிலைத் திரும்பிப் பார்த்தார். “இவனாண்ட அந்த உத்தரவு செல்லாதும்மா.”

குதிரை வண்டிகளைப் பற்றி அம்மாவுக்கு ஒரு கண்டுபிடிப்பே உண்டு. ஜட்கா, கோச்சு, டோங்கா, பொதுவாகச் சொல்கிற வண்டி, எல்லாம் மூன்றெழுத்து. எல்லாவற்றிலும் நடு எழுத்துக்குத் தலையில் புள்ளி. “நடுவுல ஒரு புள்ளி ஏறலன்னா வண்டி கெளம்பாது” என்பாள். ஊரில் நாலு பேர் வணக்கம் சொல்கிற பெரிய புள்ளிகள் வண்டியில் ஏறினால் நட்ட நடுவில்தான் சம்மணம் போட்டு உட்காருவார்கள். மற்றவர்கள் ஓரத்தில் ஒடுங்க வேண்டும். அம்மாவின் கணக்கு அதற்கும் பொருந்தியது.

அப்படி ஒரு பெரிய புள்ளியால்தான் எனக்கு மோவாயில் தையல் விழுந்தது.

நான் அப்போது சென்னையில் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் பெண் பிள்ளை ரயிலேறிக் கல்லூரிக்குப் போவது புதிது. காலையில் பாயின் வண்டி, பிறகு ரயில். மாலையில் ரயில், பிறகு பாயின் வண்டி. ஒருநாள் மாலை. மறுநாள் அமாவாசை. குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொள்ள முதல்நாள் சாயங்காலமே கூட்டம் வந்து இறங்கும். அன்று என்னோடு ஒரு குடும்பம் வண்டியில் ஏறியது. தலைவர் உடம்பாலும் பெரியவர், மடியில் பெரிய பித்தளைத் தவலை. நடுவில் அமர்ந்துகொண்டார். வழியெல்லாம் சரியாகத்தான் போனது. குளக்கரை வந்ததும் அவரும் அவர் குடும்பமும் ஒரே நேரத்தில் பின்பக்கம் பாய்ந்தார்கள். ஏர்க்கால் வானத்தைப் பார்த்தது. மெயில் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, யாரோ தன்னைப் புகைப்படம் எடுக்கிற மாதிரி நின்றது. நாங்கள் எல்லோரும் அவிழ்ந்த மூட்டையிலிருந்து மாங்காய் கொட்டுகிற மாதிரி தெருவில் கொட்டினோம். என் மோவாய் தவலையின் விளிம்பில் போய் இடித்தது.

“முன்னால வா, முன்னால வான்னு கத்திக்கினே கீறேன், எவனாச்சும் காதுல வாங்கினீங்களா” என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரிய புள்ளி மல்லாந்தபடியே தவலைக்கு ஒடுக்கு விழுந்ததா என்று விசாரித்தார்.

பாயே என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆலைக்குச் செய்தி சொல்லப் போனது பக்கத்துக் கடைக்காரர். “கணக்கப்புள்ள, பாப்பா வந்த ஜட்கா குடை சாஞ்சிட்டுது” என்று சொல்லியிருக்கிறார். கணக்கில் மூழ்கியிருந்த நைனாவின் காதில் கடைசிப் பாதிதான் விழுந்திருக்கிறது. “குடை போனா போவுது. மழையே இல்லியே, அத எதுக்கு எடுத்துக்கினு போனா?” என்றாராம். விஷயம் புரிந்ததும், எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியதாயிற்று.

என் மோவாயை அவர் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, “வலிக்குதாம்மா?” என்று கேட்டார். வலிக்கு எனக்குக் கொடுத்த மாத்திரையை உடைத்து, பாதியை எனக்குத் தந்து மறுபாதியைத் தானே போட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த அம்மா அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள். “மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதானே. நம்ம ஊட்டு மெய்யெழுத்து இவருதான்.” நைனா பேசுவதும் பாதிக் குரலில்தான், அதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

ஆனால் மறுநாள் அந்தப் பாதிக் குரல் ஒரு முழு உத்தரவு போட்டது. “இனிமே ஜட்கா வாணாம்.”

காலை ரயிலுக்குப் பொருத்தமாக அப்போது பஸ் கிடையாது. சைக்கிள் என்ற சொல்லை அவர் முன்னால் எடுக்கவே முடியாது. நடந்தால் விடியும் முன்னே கிளம்ப வேண்டும், அதுவும் கூடாது. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆலையிலிருந்து கூட்ஸ் ஷெட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போகும் மாட்டு வண்டி. “ரெண்டு மாடு. எட்டுக் காலு. அது எப்டி சாயும்?” என்று எங்களைக் கேட்டார். குதிரைக்கு நாலே கால் இருந்ததுதான் பிரச்சினை என்று முடிவுகட்டிவிட்டார்.

ஆக, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மோவாயில் பிளாஸ்திரியோடு, மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நான் கல்லூரிக்குக் கிளம்பினேன். தெருவே பார்த்தது. “இன்னா கணக்கப்புள்ள, பொண்ணையும் எடை போட்டு அனுப்புறியா?” என்று ஒருவர் கேட்டார். மாடுகள் இரண்டும் நல்லவை. எந்த அவசரமும் இல்லாதவை. குட்டைத் தண்ணீரைக் கண்டால் குடித்துவிட்டுத்தான் நகரும். நான் போய்ச் சேரும்போது ரயிலின் பின்பக்கம் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. நிலையத்து வாசலில் ஒரு கடையில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, அதே வண்டியில், மூட்டைகள் இல்லாமல், குலுங்கிக் குலுங்கித் திரும்பி வருவேன்.

முதலில் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நான் ரயிலைப் பிடித்த ஒருநாள் வகுப்பாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, வருகை குறைந்துகொண்டே போகிறது, இப்படியே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனா முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும், “உசுருதான் முக்கியம்” என்றார். கல்லூரியிலிருந்து நின்றால் அடுத்து என்ன என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒரு வரனுடைய ஜாதகம் ஏற்கெனவே சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

அம்மா அவரோடு வாதாடவில்லை. வாதாடினால் நைனா இன்னும் அரை மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாரப் பத்திரிகை வந்தது. நைனா சாப்பிட உட்கார்ந்தபோது, ரசத்தை ஊற்றிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தாள்.

“இன்னாங்க, ‘குதிரை இழுப்பது’. மூணு எழுத்து, நடுவுல புள்ளி. இன்னா போடலாம்?”

“வண்டி” என்றார் நைனா, யோசிக்காமல்.

“அதுவும் பொருந்துது. ஜட்காவும் பொருந்துது.”

நைனா ரசத்தை உறிஞ்சினார்.

“அந்தப் புள்ளி எழுத்து மேலேர்ந்து கீழ வர்ற வார்த்தைலயும் இருக்குது. அது நாலு எழுத்து. மொத எழுத்து ப. ரெண்டாவது நம்ம புள்ளி. அப்புறம் ட, ம். ‘கைக்குக் கிடைத்தால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி’ன்னு குறிப்பு குடுத்துகிறான். நீங்க சொல்ற மாதிரி வண்டின்னு போட்டா, பண்டம் வருது.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒங்க பொண்ணு தெனிக்கும் ஸ்டேஷன் வரைக்கும் போயி வாங்கிக்கினு வர்றாளே, கடலை மிட்டாயி. அந்தப் பண்டம்.”

நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். நைனா தட்டைப் பார்த்தபடியே கேட்டார். “ஜட்கான்னு போட்டா?”

“நீங்களே போட்டுப் பாருங்க.”

பென்சிலை அவர் இடது கையில் கொடுத்தாள். அவர் எழுதவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ப. ட். ட. ம்.

பென்சிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, தோற்றவர் சொல்வதைப் போல ஒன்று சொன்னார். “பட்டம்னா காத்துல உடுறதா இருக்கும்.”

“இருக்கட்டுமே. அதுக்கும் நூலை உட்டாத்தானே போவும்?”

நைனா கை கழுவ எழுந்தார். கழுவிக்கொண்டே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, “பாயை வரச் சொல்லு. ஆனா நானும் கூட வருவேன்” என்றார்.

வந்தார். என்னை வண்டியின் முன்பக்கம், பாயின் முதுகு இடிக்கிற அளவுக்குத் தள்ளி உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரும் ஏறிவிடாதபடி காவல் இருப்பார். நிலையத்தில் நான் ரயில் ஏறியதும் வீட்டுக்கு நடந்தே திரும்புவார். பாய்க்குக் கேலி செய்ய நல்ல தோது. “கணக்கப்புள்ள, நீ ஏறினதும் மெயிலுக்குத் தெரியல, எறங்கினதும் தெரியல. அப்புறம் எதுக்கு இந்தப் பேஜாரு?” நைனா மோவாயைத் தடவிக்கொள்வார், தன்னுடையதை.

நாள் போகப் போக அவர் கம்பியைப் பிடிக்கும் பிடி தளர்ந்தது. ஒருநாள் பாய் வண்டியை நிறுத்தியபோது நைனா சட்டையே மாட்டாமல் வாசலில் நின்றிருந்தார். ஏறவில்லை. வண்டி நகர்ந்தபோது மட்டும் பாதிக் குரலில் சொன்னார்.

“முன்னால தள்ளி ஒக்காரு.”

அதற்கப்புறம் தினமும் அதைத்தான் சொன்னார். போய் வா என்றோ, பத்திரம் என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

போட்டியின் விடை பிறகு வெளியானது. குதிரை இழுப்பது, வண்டி. மேலிருந்து கீழ், பண்டம். அம்மா எழுதி அனுப்பியதில் அந்த ஓர் இடம்தான் தவறு. நான் பதறிப்போய்க் காட்டினேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “பத்திரிகைக்காரனுக்கு இன்னா தெரியும்” என்றாள்.

பட்டம் வாங்கினேன். மீஞ்சூர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. இதற்கிடையில் கும்மிடிப்பூண்டி பக்கம் வயல்களில் புகைபோக்கிகள் முளைத்தன. எங்கள் தெருப் பையன்கள் லுங்கியிலிருந்து காக்கிக் கால்சட்டைக்கு மாறினார்கள். திருவள்ளூர் நிலையத்து வாசலில் ஜட்காக்கள் நின்ற இடத்தில் ஆட்டோக்கள் வந்து நின்றன. பாயின் மகனே ஆட்டோ வாங்கிவிட்டான். மெயில் எந்த வருடம் நின்றது என்று கேட்டால் ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மா பரிசு வாங்காமலே போய்ச் சேர்ந்தாள். அந்தப் பத்திரிகை அவளுக்கு முன்பே நின்றுவிட்டது. நைனா என் மகன் நடக்கத் தொடங்கும் வரை இருந்தார். அவன் தத்தித் தத்தி வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் மகனிடம் சொல்லி முடித்தபோது அவன் கட்டத்தை முடித்திருந்தான். “அப்ப ஒங்கப்பா பரவால்லம்மா” என்றான். “மாட்டு வண்டியாவது குடுத்தாரு. நீ வண்டிய ஓட்டவும் உடமாட்ட, ஆளை மட்டும் உக்காரவெச்சி நல்லா ஓட்டுற.”

போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர், தூக்கினான். சுற்றச் சொன்னார், சுற்றினான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று மதியம் அவனுக்கு ஷிப்டு. சாப்பிட்டுவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டினான். ரயிலுக்கு நடந்தே போவதாகக் கிளம்பினான். அந்த ரயிலில் போனால் ஷிப்டுக்குப் பிந்திவிடும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பருப்பு டப்பாவைத் திறந்தேன். சாவியில் பருப்புத் தூள் ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்துக் கொடுத்தேன்.

அவன் பைக்கைத் தள்ளி வெளியே நிறுத்தி, ஏறி உட்கார்ந்தான். நான் எத்தனையோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே, மணலைப் பார்த்துப் போ, ஹெல்மெட் வாரைப் போடு. வாயைத் திறந்தால் வந்தது வேறு.

“முன்னால தள்ளி ஒக்காரு.”

“எங்க, பெட்ரோல் டேங்க் மேலயா?” என்றான். ஹெல்மெட்டுக்குள் அவன் சிரித்தது கண்ணில் தெரிந்தது. போனான்.

அவன் ஷிப்டு முடிகிற நேரம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் நான் வருவதை நைனா தெருமுனையிலேயே தெரிந்துகொள்வார். ஆரக்காலில் கட்டை படும் அந்தச் சத்தம் கேட்டதும், வாசலுக்கு வராமலே அம்மாவிடம், “சோத்தப் போடு, வந்துட்டா” என்பார். இந்தத் தெருவில் இப்போது எல்லா பைக்குக்கும் ஒரே சத்தம். இதை எழுதி முடிப்பதற்குள் எத்தனை தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று நான் சொல்லப் போவதில்லை. இதோ, இன்னொன்று வருகிறது.